சுகர் மாத்திரை கூடிக்கொண்டே போகிறதே, நான் என்ன தப்பு செய்தேன்?

கேள்வி: எனக்கு வயது 53. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. சுகர் வந்து 9 வருஷம் ஆகிறது. முதலில் மெட்ஃபார்மின் 500 ஒன்று மட்டும் போட்டேன். இப்போது காலையும் இரவும் மெட்ஃபார்மின் 1000, காலையில் கிளிமிபிரைடு 2. அப்படியும் மூன்று மாத சராசரி சுகர் (HbA1c) 8.9. டாக்டர் மூன்றாவதாக டபாகிளிஃப்ளோசின் எழுதிவிட்டு, "போகப்போக இன்சுலின் தேவைப்படலாம்" என்றார். இதற்கு நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை விரதத்தன்று உடம்பெல்லாம் வேர்த்து, கை வெடவெடத்துவிட்டது. இவ்வளவு மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும் என்று எல்லோரும் சொல்வதால், மூன்று வாரமாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெந்தயமும் ஆவாரம்பூ கஷாயமும் குடிக்கிறேன். உள்ளங்காலிலும் எரிச்சல் இருக்கிறது. வாயைக் கட்டித்தான் சாப்பிடுகிறேன். அப்புறமும் ஏன் டோஸ் ஏறுகிறது?

பதில்: அம்மா, முதலில் ஒன்று செய்யுங்கள். இன்றோ நாளையோ சுகர் பார்த்துவிட்டு உங்கள் டாக்டரைப் போய்ப் பாருங்கள். அதற்குள் அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், வாந்தி, மூச்சு வாங்குதல் என்று ஏதாவது வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். டோஸ் ஏறியது உங்கள் தப்பு இல்லை. இந்த நோயின் போக்கே அப்படித்தான். பிரிட்டனில் 1977-ல் தொடங்கி 1998-ல் முடிவுகள் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரை நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 5,000-க்கும் மேற்பட்டவர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். நோய் தெரியவந்த அன்றைக்கே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறன் ஏறக்குறைய பாதி போயிருந்தது. மிச்சமும் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. ஒன்பதாவது வருஷம் பார்த்தபோது, ஒரே வகை மருந்தில் இருந்தவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் மூன்று மாத சராசரி 7-க்குக் கீழே நின்றது. உங்களுக்கும் இது ஒன்பதாவது வருஷம். "சரியாகச் சாப்பிட்டிருந்தால் மாத்திரை ஏறியிருக்குமா?" என்று உங்களைக் கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நோயாளியைக் குற்றவாளி போல நிற்க வைக்கும் அந்தக் கேள்வி எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அதைக் கேட்டுக் கேட்டே மாத்திரையை நிறுத்தியவர்கள் நிறைய பேர்.

கிட்னி விஷயத்தில் பழி ஆள் மாறி விழுகிறது. கிட்னியைக் கெடுப்பது வருஷக்கணக்கில் கட்டுப்படாமல் கிடக்கும் சுகரும் பிரஷரும்தான். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி வேறு காரணத்தால் பலவீனமாகிவிட்டால் அந்த மருந்து உடம்பில் தேங்கும் என்பதால், கிட்னி வடிகட்டும் அளவு (eGFR) 45-க்குக் கீழே போனால் டோஸைக் குறைப்போம், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். அப்படி நாங்கள் மாத்திரையை நிறுத்திய கொஞ்ச நாளில் டயாலிசிஸ் வந்த ஒருவரைப் பார்க்கும் ஊர், மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறது.

உங்களுக்கு எழுதிய டபாகிளிஃப்ளோசின், கூடுதல் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்து. கணையத்தை எதிர்பார்க்காமல் வேலை செய்யும். கிட்னியையும் இதயத்தையும் காக்கிறது என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கிட்னிக்குப் பயந்து நீங்கள் ஒதுக்கிய அட்டைகளில் கிட்னியைக் காக்கும் மருந்தும் இருக்கிறது. முன்பு விலை அதிகம். 2020-ல் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்த பிறகு நன்றாகவே இறங்கிவிட்டது. ஆனால் பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம், அதனால் சிறுநீர் கழித்ததும் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அரிப்பு வந்தால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, முழுநாள் பட்டினி என்றால் அன்றைக்கு இந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கை வெடவெடத்தது, பெரும்பாலும் கிளிமிபிரைடால் வந்த லோ சுகர். நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைப் பிடித்து இன்சுலினைச் சுரக்கவைக்கும். காலை ஏழு மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு, அடுப்படியில் வெந்து, பிள்ளைகளுக்கெல்லாம் பரிமாறி முடித்து ஒன்றரை மணிக்குத்தான் நீங்கள் தட்டைப் போடுகிறீர்கள் என்றால், விரதமே இல்லாத நாளிலும் இது வரும். எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். டோஸைக் குறைக்கலாம், லோ சுகர் வராத வேறு மருந்துக்கும் மாற்றலாம். இனி வேர்த்து நடுங்கினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சாப்பாடு.

உள்ளங்கால் எரிச்சல் சுகரால் நரம்பு பாதித்ததாலும் இருக்கலாம், மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதாலும் இருக்கலாம். இரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் சரிசெய்வது சுலபம்.

வெந்தயம் நார்ச்சத்துள்ள பொருள். சாப்பிட்டதும் சுகர் ஏறும் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். உணவோடு தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். 8.9-ஐ இறக்கும் பலம் அதற்குக் கிடையாது. கஷாயத்தை நம்பி மாத்திரையை விடுவது எனக்குச் சம்மதமில்லை.

இன்சுலினை எல்லோரும் கடைசிக் கட்டம் என்று நினைக்கிறார்கள். 1922-ல் டொராண்டோவில் சாகக் கிடந்த ஒரு 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் அந்த ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டான். உங்கள் கணையம் முன்பு தானே சுரந்ததை இப்போது வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஆபரேஷன், கடும் காய்ச்சல் சமயத்தில் ஊசிக்கு மாறி, பிறகு மாத்திரைக்கே திரும்புபவர்களும் உண்டு. மருந்து கூடிக்கொண்டேதான் போகும் என்றும் இல்லை. எடை நன்றாக இறங்கினால் டோஸ் இறங்கும். வயது ஏறி, சாப்பாடு குறையும்போது நாங்களே மாத்திரைகளைக் கழிப்போம்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும், பாதி தீர்ந்தவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். கஷாயப் பொடியையும் சேர்த்துத்தான். மூன்று வாரம் நிறுத்தியிருந்ததை மறைக்காதீர்கள். அது தெரியாமல் இப்போதைய ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால், பழைய மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் இன்னும் கூட்டிவிடுவார். சிறுநீரில் அல்புமின் (கிட்னி கசியவிடும் புரதம்), இரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு), கண்ணின் விழித்திரை, இந்த மூன்றையும் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்றும் கேளுங்கள்.