கடலில் தூண்டில் போட லைசென்ஸ் வேண்டுமா? மும்பைத் தமிழர் கேள்விகளுக்குப் பதில்கள்

மும்பை, நவி மும்பை, தாணே தமிழர்கள் கேட்டவை இவை. ஆறு, ஏரிக்கு விதி வேறு. இங்கே உப்புத் தண்ணீர் மட்டும்.

செம்பூர்: சார், இமாச்சலில் ட்ரவுட் பிடிக்க லைசென்ஸ் எடுத்தோம். பாந்த்ராவில் தூண்டில் போட எங்கே எடுக்கணும்?

எங்கும் எடுக்க வேண்டாம். கரையில் நின்று பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவருக்கு மகாராஷ்டிராவில் தனிச் சீட்டு கிடையாது. 1981ஆம் ஆண்டு மகாராஷ்டிர கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் உரிமம் கேட்பது படகுக்கு, ஆளுக்கு அல்ல. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டமும் அதே போக்குதான். "பர்மிட் வாங்கித் தர்றேன்" என்று யாராவது காசு கேட்டால் நகர்ந்து விடுங்கள்.

அதற்காகக் கேள்வி கேட்பாரே இல்லை என்று நினைக்காதீர்கள். மாட்டுகிறவர்கள் நின்ற இடத்தாலோ, ஏறிய படகாலோ, பிடித்த மீனாலோ மாட்டுகிறார்கள்.

மாட்டுங்கா: எங்கெல்லாம் போடக் கூடாது?

துறைமுகச் சுவர், கடற்படைப் பகுதி, எண்ணெய் இறக்கும் ஜெட்டி, இவற்றின் பக்கமே போக வேண்டாம். 2008 நவம்பர் தாக்குதலுக்கு வந்தவர்கள் கடல் வழியாக வந்தவர்கள். அதன் பிறகு இந்தக் கரையில் அந்நிய முகத்தைக் கண்டால் போலீஸ் விசாரிக்கும். ஆதார் கையில் இருக்கட்டும்; கப்பலைப் படம் எடுக்காதீர்கள்.

ஐரோலி பக்கம் போகிறவர்கள் கவனிக்க: தாணே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015 முதல் ஃபிளமிங்கோ சரணாலயம். அங்கே வனத்துறைச் சட்டம் பேசும். வெளியே இருக்கும் அலையாத்திக் காடும் பாதுகாக்கப்பட்டதுதான். ராடு சாய்த்து வைக்கக் கிளை வெட்டினால் அதுவே வழக்காகும். தெற்கே மால்வண் போனால் அங்கும் 1987இல் அறிவித்த கடல் சரணாலயம் உண்டு. எல்லையைப் படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

கோளிவாடாவுக்கு, அதாவது மீனவர் குடியிருப்புக்கு, முன்னால் கம்பு நட்டு வலை கட்டியிருந்தால் அதன் குறுக்கே வீச வேண்டாம். சட்டத்துக்கு முன்னால் சண்டை வந்துவிடும்.

நெரூல்: அண்ணே, மே லீவில் நாகர்கோவில் போறோம். பிள்ளைகளைப் படகில் கூட்டிட்டுப் போய்த் தூண்டில் போடலாமா?

மும்பைப் பள்ளி விடுமுறையும் தமிழ்நாட்டுத் தடைக்காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழும், அதுதான் சிக்கல். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், தலா 61 நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். மீன் முட்டையிடும் காலம் என்பதால் இந்த ஏற்பாடு.

உங்கள் மாவட்டத்தில் இரண்டு கரையும் உண்டு. சின்ன முட்டம் கிழக்குக் கணக்கு. மே மாதம் முழுக்க அங்கே விசைப்படகு ஓடாது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கு. மே 31 வரை ஓடும். கரையில் நின்று தூண்டில் போடுவதற்கு இந்தத் தடை பொருந்தாது. "தடைக்காலம்தான், ஆனா நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒரு விசைப்படகுக்காரர் சொன்னால் ஏறாதீர்கள். பிடிபட்டால் படகோடு நீங்களும் கரையில் நிற்க வேண்டும். அந்த மாதங்களில் மேற்குக் கடலில் அலையும் நல்லதல்ல.

மும்பையில் ஜூன், ஜூலை இதே மேற்குக் கரைத் தடைதான்.

தாராவி: படகு சரியானதா என்று எப்படிப் பார்ப்பது?

அணியத்தைப் பாருங்கள், அதாவது முன்பக்கம். ஐஎன்டி, பிறகு எம்எச் அல்லது டிஎன், பிறகு எண் என்று பெயின்ட் அடித்த பதிவு எண் இருக்கும். அழிந்தோ இல்லாமலோ இருந்தால் விடுங்கள். மீன்பிடிப் படகுக்கு இருப்பது மீன்பிடி உரிமம். பயணி ஏற்றும் அனுமதி வேறு. அது இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், அதுவும் உடம்பில். 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகப் பகுதியில் கடற்படைப் படகு மோதிப் பயணிகள் படகு கவிழ்ந்ததற்குப் பிறகும் இதை மூட்டையில் கட்டி வைக்கிறவர்களை என்ன சொல்ல?

முலுண்ட்: சின்ன மீன் மாட்டினால்?

விட்டுவிடுங்கள். 2023இல் மகாராஷ்டிரா 54 வகைக்குக் குறைந்தபட்ச அளவு அறிவித்தது: வெள்ளை வாவலுக்கு 135 மி.மீ, பாம்பில் என்கிற பாம்பே டக்குக்கு 180, சுர்மை என்கிற வஞ்சிரத்துக்கு 370. வாவலும் பாம்பிலும் தூண்டிலுக்கு வருவது அபூர்வம், அது வேறு விஷயம். கேரளம் போனால் அயிலைக்கு 14 செ.மீ, மத்திக்கு 10. ராடின் அடியில் 18, 37 செ.மீ என்று இரண்டு கோடு போட்டு வைத்தால் டேப் தேட வேண்டாம்.

வாஷி: எந்த மீனைத் தொடவே கூடாது?

வேளா (ரம்பம் போன்ற மூக்குள்ள மீன்), திமிங்கலச் சுறா, கடல் குதிரை, கடல் அட்டை, ஆமை, ராட்சதக் கலவா. இவை 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. சிறை மூன்று ஆண்டிலிருந்து தொடங்கும். தவறி மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தங்கூசியை, அதாவது நைலான் நூலை, தூண்டில் முள்ளுக்குப் பக்கத்தில் வெட்டுங்கள். தூக்கிப் பிடித்து எடுக்கிற போட்டோதான் சாட்சி. சுறா, உளுவை (கிட்டார் மீன்) இனம் பிரித்தறிய முடியாவிட்டால் எல்லாவற்றையும் விடுவதே என் வழி.

பேத்தை மீன் சட்டத்தால் அல்ல, விஷத்தால் ஆகாது. சமைத்தாலும் விஷம் போகாது.

தாணே: ஊரில் போட்ட செட் இங்கே சரிப்படுமா?

செட்டை விட ஓதத்தை, அதாவது கடல் ஏறி வற்றுவதை, கவனியுங்கள். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டி நான்கு மீட்டரைத் தாண்டும். வற்றத்திலிருந்து ஏற்றம் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதில் மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். நான்கு மீட்டர் ஓதம் என்றால் மணிக்கு ஒரு மீட்டர். பாந்த்ரா பாறையில் நுனியில் நிற்பவருக்கு முன்னால் தண்ணீர் ஏறுவது தெரியும், பின்னால் திரும்பும் வழி மூழ்குவது தெரியாது. சிப்பி ஒட்டிய கோட்டுக்குக் கீழே நிற்காதீர்கள்.

செட்: 9 அல்லது 10 அடி ராடு, 4000 அல்லது 5000 அளவு ரீல், 20–30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய நூல்), முள்ளுக்கு முன்னால் கட்டும் லீடர் நூல் 40 பவுண்டில் மூன்றடி, 1/0 முதல் 3/0 வரை அளவுள்ள முள், இரைக்கு இறால். 60–90 கிராம் ஈயக்குண்டை மட்டும் 10 பவுண்டு மெல்லிய தங்கூசியில் கட்டுங்கள். பாறையில் சிக்கினால் குண்டு மட்டும் அறும், மீன் மிஞ்சும். கொடுவாவும் காலாவும் ஏறும் ஓதத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் வரும்.

லோக்கல் பிளாட்ஃபாரத்தில் ராடை நீட்டாதீர்கள். கார்பன் ராடில் மின்சாரம் பாயும், தலைக்கு மேல் 25,000 வோல்ட்.

கல்யாண்: கெளுத்தி குத்திவிட்டால்?

முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள். குத்திய கையைத் தாங்கும் அளவு வெந்நீரில், சுமார் 45 டிகிரி, 30 முதல் 90 நிமிடம் வையுங்கள். சூட்டை நல்ல கையால் பார்க்க வேண்டும், குத்திய கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. கட்டுப் போட்டு இறுக்க வேண்டாம், கீறவும் வேண்டாம். முள் முறிந்து உள்ளே நின்றால் ஆஸ்பத்திரி; டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள். திருக்கைக்கும் இதே.

அந்தேரி: அமெரிக்காவிலிருந்து மச்சான் வருகிறார். அந்தமானும் போகிறோம்.

அவர் கார்மின் இன்ரீச் மாதிரிச் செயற்கைக்கோள் கருவி கொண்டுவந்தால் வீட்டிலேயே விட்டு வரச் சொல்லுங்கள். முன் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பிடித்திருக்கிறார்கள். தூண்டில் முள், கத்தி, பிளையர் எல்லாம் செக்-இன் பெட்டியில். அந்தமானில் தூண்டில் படகு ஏற்பாடு செய்கிறவரிடம் மீன்வளத் துறை அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். வண்டூர் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டிலே கூடாது.

டோம்பிவலி: நிறைய கிடைத்தால் பக்கத்து ஹோட்டலுக்கு விற்கலாமா?

வேண்டாம். விற்றால் அது பொழுதுபோக்கு அல்ல, தொழில். சாப்பிடும் அளவு வைத்துக்கொண்டு மிச்சத்தை உயிரோடு விடுங்கள். மாகிம் கழிமுகத்தில் பிடித்ததானால் அதையும் சாப்பிடாதீர்கள். மிட்டி ஆற்றுச் சாக்கடை அங்கேதான் வந்து விழுகிறது.