எண்டோஸ்கோபி நார்மல், ஆனாலும் பயம் போகவில்லை

கேள்வி: என் அப்பா 46 வயதில் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார். அத்தைக்கும் அதே நோய்தான், 52 வயதில். எனக்கு 33. போன மாதம் எண்டோஸ்கோபி பார்த்தேன், நார்மல். ஆனாலும் ராத்திரி வயிறு லேசாக எரிந்தாலே தூக்கம் போய்விடுகிறது. இது பரம்பரையாக வருமா? நான் ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. இரைப்பைப் புற்றுநோயில் பெரும்பாலானவை பரம்பரை நோய் இல்லை. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிக்குத்தான் அதில் பெரிய பங்கு, அப்புறம் புகையிலையும் அதிக உப்பும். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களிடம் ஒரே கிருமி இருக்கும் என்பதால் பரம்பரை மாதிரித் தெரிவதும் உண்டு. நூற்றில் ஒருவரிலிருந்து மூன்று பேர் வரைதான் தனி ஒரு மரபணுக் கோளாறால் வருவது. ஆனால் 50 வயதுக்குள் ஒருவர், கூடப் பிறந்தவர் இன்னொருவர் என்றால் அதையும் பார்த்தே ஆகவேண்டும்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளில் ஒரு குடும்பத்தில் முப்பது வருடத்தில் 25 பேர் இந்த நோயில் இறந்தார்கள், சாபம் என்றுகூடச் சிலர் நினைத்தார்கள். அந்தக் குடும்பத்தாரே முன்வந்து ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் பேரி கில்ஃபோர்டின் குழுவோடு சேர்ந்து தேடியதில், 1998இல் சிடிஹெச்1 என்ற மரபணுவில் பழுது இருப்பது தெரிந்தது. செங்கல்லுக்கு நடுவே சாந்து மாதிரி செல்லையும் செல்லையும் பிடித்து வைக்கும் புரதத்துக்கான மரபணு அது. சாந்து உதிர்ந்தால் செல்கள் கட்டியாகத் திரளாமல், ஒவ்வொன்றாகக் கழன்று இரைப்பையின் உள்தோலுக்கு அடியில் பரவும். மேலே பார்த்தால் தோல் வழுவழுவென்று இருக்கும். அதனால்தான் இந்த வகையில் மட்டும் 'எண்டோஸ்கோபி நார்மல்' என்பதை வைத்து நிம்மதியடைய முடியாது.

ஆனால் முதல் டெஸ்ட் உங்களுக்கு வேண்டாம். அப்பா, அத்தை இருவரின் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் தேடி எடுங்கள். அதில் 'டிஃப்யூஸ்' அல்லது 'சிக்னெட் ரிங் செல்' என்று இருக்கிறதா பாருங்கள், திரளாமல் பரவும் வகையை ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதுவார்கள். அந்தச் சதைத் துணுக்கை மெழுகில் பதித்த பிளாக் ஆஸ்பத்திரி லேப்பில் இன்னும் இருந்தால், மரபணுவை அதில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். நோய் வந்தவரிடம் பழுது எது என்று தெரியாமல் உங்கள் ரத்தத்தை மட்டும் பார்த்து 'இல்லை' என்று வந்தால், அதை முழுசாக நம்ப முடியாது. அப்பாவுக்கு இருந்தது உறுதியானால், உங்களுக்கு வந்திருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. வரவில்லை என்றால், மற்றவர்களுக்கு உள்ள அபாயம்தான் உங்களுக்கும்.

வந்திருந்தால்? எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. ஆனாலும் இரைப்பையை முன்கூட்டியே எடுத்துவிடுவது பற்றி டாக்டர்கள் பேசுவார்கள். கேட்கவே பதறும், தெரியும். உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள், அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட்டு, வாழ்நாள் முழுக்க பி12 ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கு ஒருவகை மார்பகப் புற்றுநோயும் இதே மரபணுவால் வரும் என்பதால் அதற்கும் தனியாகக் கண்காணிப்பு வேண்டும்.

எரிச்சலுக்கு, ஊதிப் பார்க்கும் யூரியா டெஸ்டை இந்த வாரமே எடுங்கள். பைலோரி இருந்தால் மாத்திரையில் போகும். ரிப்போர்ட் கிடைத்ததும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள், போகும்போது அத்தை பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.