மாதக் கடைசிச் சமையல்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அக்கா, ரேஷன் அரிசி வாங்குகிறோம். சோறு வாடை அடிக்கிறது என்று வீட்டில் யாரும் தொடுவதில்லை. என்ன செய்ய?

பதில்: அதை இட்லி தோசைக்குத் திருப்பி விடுங்கள். புழுங்கல் அரிசி நாலு டம்ளருக்கு உளுந்து ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசியை நாலைந்து தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு ஊறப்போட்டால் வாடை பெரும்பாலும் போய்விடும். உளுந்தைப் பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும், அதில்தான் இட்லியின் மென்மை இருக்கிறது. அரிசி இலவசம், அதனால் காலைச் சாப்பாட்டுக்கு உளுந்துக்கு மட்டும்தான் காசு.

கேள்வி: ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பு பாதி மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. சாம்பாரைத் தண்ணியாக வைத்தால் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கிறது.

பதில்: பசிக்கத்தானே செய்யும், தட்டில் பருப்பு இல்லையே! காய் இரண்டை ஒன்றாகக் குறையுங்கள், பருப்பில் மட்டும் கை வைக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் கொள்ளுக்கு மாறுங்கள். எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் கொள்ளில் மசியலும் ரசமும் முடிந்துவிடும். கல் பொறுக்கி, இரவே ஊறவைத்து, தண்ணீர் தாராளமாக விட்டுக் குக்கரில் நன்றாக வேகவிடுங்கள். வெந்த தண்ணீரை வடித்துத் தனியே வையுங்கள், கொட்டிவிடாதீர்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், கொத்தமல்லி விதை எல்லாவற்றையும் கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, கொள்ளோடு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் மசியல் தயார், சுடுசோற்றில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுத்துப் பாருங்கள். வடித்த தண்ணீரில் புளி கரைத்து, மிளகு சீரகம் தட்டிப்போட்டு, நுரை கட்டினதும் இறக்கினால் ரசம். அடுத்த வேளை வரைக்கும் வயிறு நிற்கும்.

கேள்வி: ரூமில் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு சின்ன குக்கர். வேலை முடிந்து வர ஒன்பது மணி ஆகிவிடும். பார்சல் வாங்கியே சம்பளம் கரைகிறது.

பதில்: தம்பி, அரிசிம்பருப்பு சாதம் கற்றுக்கொள்ளுங்கள், போதும். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடத் துவரம் பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். கடுகு, சீரகம், பூண்டு, வெங்காயம், தக்காளி தாளித்து, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு போட்டு மூன்று விசில். தொட்டுக்கொள்ளத் தயிரும் அப்பளமும் போதும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் வீட்டுக்காரர் சாப்பிட மாட்டார்.

பதில்: மாதத்தில் ஒரு ஞாயிறு கறி எடுங்கள்மா, மனசும் நிறையணும் இல்லையா. மற்ற ஞாயிறுகளில் நெத்திலிக் கருவாடு. ஒரு கைப்பிடி போதும், தலையைக் கிள்ளிவிட்டு வெந்நீரில் மண் போக அலசி, கத்திரிக்காயும் மொச்சையும் போட்ட புளிக்குழம்பில் கடைசியில் சேருங்கள். கருவாட்டிலேயே உப்பு இருக்கும், முதலில் குறைத்தே போடுங்கள். காலையில் வைத்த குழம்பு ராத்திரிக்கு இன்னும் ருசி. இல்லையென்றால் கொதிக்கிற குழம்பில் முட்டையை உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடிவையுங்கள்.

கேள்வி: கேஸ் சீக்கிரம் தீர்ந்துபோகிறது.

பதில்: பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்துப் போடுங்கள், சோற்றையும் பருப்பையும் ஒரே குக்கரில் அடுக்கி வையுங்கள், முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் முருங்கைக்கீரையைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: அடை மாவில் உருவிப் போட்டு, ஓரம் மொறுமொறுவென்று சிவக்கவிட்டுச் சூடாகக் கொடுங்கள். கூடவே துளி வெல்லம்.