கேமரா கேள்வி-பதில்: சூரியன் இறங்கும் நேரம்

கேள்வி: கடற்கரையில் நின்று பார்க்கும்போது அவ்வளவு பெரிதாகத் தெரிகிற சூரியன், செல்போன் படத்தில் மட்டும் ஏன் இத்தனூண்டு புள்ளியாகிவிடுகிறது?

பதில்: செல்போன் உண்மையைத்தான் சொல்கிறது. வானத்தில் சூரியனின் அகலம் சுமார் அரை டிகிரி. உச்சியில் இருந்தாலும் அடிவானத்தில் இருந்தாலும் அதே அளவுதான். அடிவானத்தில் பெரிதாகக் காட்டுவது நம் மூளை. செல்போனின் வழக்கமான லென்ஸ் ஏறத்தாழ 70 டிகிரி அகலத்தை ஒரே படத்துக்குள் அடக்குகிறது. அதில் அரை டிகிரி எவ்வளவு வரும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஃபுல்-ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 400 எம்.எம். டெலி லென்ஸ் போட்டால் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு வரும். ஆனால் டி.எஸ்.எல்.ஆர். வியூஃபைண்டரில் கண்ணை வைத்து டெலி லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள், விழித்திரை போய்விடும். பின்திரையில் பார்த்தே எடுங்கள்.

கேள்வி: வானம் செக்கச்செவேல் என்றிருந்தது, படத்தில் வெளிறிவிட்டது. வானத்தைச் சரிசெய்தால் பிள்ளைகள் கருப்பாகிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றாக வர வழி உண்டா?

பதில்: வானத்தை வெளிற வைப்பவை இரண்டு ஆட்டோக்கள். ஒன்று, ஆட்டோ எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேமராவே முடிவுசெய்வது. இருண்ட மணலையும் கடலையும் பார்த்து, வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து மொத்தப் படத்தையும் ஏற்றிவிடும். சூரியனுக்குச் சற்றுத் தள்ளி, பிரகாசமான வானத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான செல்போன்களில் எக்ஸ்போஷர் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கேமராவில் என்றால் எக்ஸ்போஷர் அளவை மைனஸ் 1-இல் வைத்துத் தொடங்குங்கள். இன்னொன்று ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது நிறங்களைக் கேமராவே சமன்செய்வது. சிவப்பைக் கோளாறு என்று எண்ணி நீலம் கலந்து 'சரி'செய்துவிடும் அதிகப்பிரசங்கி அது! 'டேலைட்'டில் வைத்துவிடுங்கள்.

இனி பிள்ளைகள். செல்போன் ஃபிளாஷ் இரண்டு, மூன்று மீட்டருக்கு மேல் எட்டாது, எட்டினாலும் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல வரும். எச்.டி.ஆர். (வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாக இணைக்கும் வசதி) முகத்தை மீட்டுத் தரும். ஆனால் அந்தி நேரத்துக்கே உரிய இருளை அழித்துவிடும் என்பது என் அபிப்பிராயம். கருப்பாகவே எடுங்கள் என்றுதான் சொல்வேன், அதை ஒழுங்காக எடுங்கள். நீங்கள் மணலில் உட்கார்ந்துகொண்டால் அவர்களுடைய தலையும் தோளும் கடலின் இருளில் கலக்காமல் வானத்தின் மேல் நிற்கும். இருவர் ஒட்டி நின்றால் ஒரே கருப்புக் கட்டியாகிவிடும், நடுவே வானம் தெரிய வேண்டும். கை விரித்து ஓடச் சொல்லுங்கள், பக்கவாட்டில் திரும்பச் சொல்லுங்கள். முகம் கட்டாயம் வேண்டுமென்றால் அரை மணி நேரம் முன்னதாகவே வந்து, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சூரியன் முழுகியதும் கிளம்பிவிடலாம்தானே?

பதில்: கூட்டமெல்லாம் அப்படித்தான் கிளம்பும். போகட்டும், உங்களுக்கு இடம் காலி! நமக்கு மறைந்த சூரியன் உயரத்தில் இருக்கும் மேகங்களுக்கு இன்னும் மறையவில்லை. ஒளி அவற்றின் அடிப்பக்கத்தில் படுகிறது. காற்றில் நெடுந்தூரம் வந்த அந்த ஒளியில் நீலம் வழியிலேயே சிதறிப்போய், சிவப்புதான் மிச்சம். மேற்கே தூரத்தில் மேகம் அடைத்திருந்தால் இது நடக்காது. திறந்திருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

கேமராவை அப்போது கீழே இறக்குங்கள். அலை பின்வாங்கியதும் ஈர மணல் சில நொடிகள் வானத்தை அப்படியே காட்டும். டிரைபாட் இருந்தால் ஷட்டரை அரை நொடிக்கு வைத்து, அலை திரும்பும் தருணத்தில் அழுத்துங்கள். நுரை கோடு கோடாக இழுபடும். டிரைபாடின் கால்களை மணலில் நன்றாகக் குத்தி நிறுத்துங்கள். ஒவ்வோர் அலையும் அடிமணலை அரிக்கும், அடிவானம் சாய்ந்துவிடும். கடல் ஒரு பக்கமாக வழிகிற படத்தைப் பார்க்கச் சகிக்காது.

கேள்வி: உப்புக் காற்று கேமராவைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்கும். கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் ஊதுபந்தால் மணலை ஊதுங்கள், அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் உடல் பகுதியைத் துடையுங்கள். மணலோடு தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். 'தண்ணீர் தாங்கும்' செல்போன்தானே என்று அலையில் நனைக்க வேண்டாம், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது.