வீட்டு உழக்கில் எத்தனை கிலோ?

வணக்கம். கீழக்கரை வீட்டில் தராசு இல்லாத நிலையில், நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய 1 கிலோ பச்சரிசியையும் 150 கிராம் பாசிப்பருப்பையும் பாட்டியின் உழக்கால் (தானியம் அளக்கும் பழைய அளவுப் பாத்திரம்) எப்படி அளப்பது என்று கேட்டிருந்தீர்கள். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 8 ஆழாக்கு ஒரு படி என்ற வாய்பாடு சரியே. ஆனால் படியிலேயே பட்டணம்படி, சின்னப்படி என்று அளவு வேறுபடும் வகைகள் உண்டு என்பதால், உங்கள் உழக்கு எவ்வளவு கொள்ளும் என்பதை வாய்பாடு சொல்லாது.

ஆகவே, கடையில் 1 கிலோ அரிசிப் பொட்டலம் ஒன்றை வாங்கி, உழக்கைக் குலுக்காமல் நிரப்பித் தலைதட்டி, எத்தனை முறை வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். குவித்து அளந்தால் கணக்கு தவறிவிடும். (எங்கள் வீட்டில் அந்த எண்ணிக்கை அரிசிப் பானையின் மூடியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.)

அவசரமென்றால், ஒரு லிட்டர் பாத்திரத்தில் பச்சரிசி ஏறத்தாழ 800 கிராம் பிடிக்கும். அதன்படி 1 கிலோ என்பது 200 மில்லி தம்ளரில் ஆறேகால். பருப்பு ஒரு தம்ளருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். மாவுக்கு மட்டும் இக்கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். சலித்த மாவும் அமுக்கிய மாவும் ஒரே தம்ளரில் வெவ்வேறு எடை காட்டும்.