மூளைக்குள் மின்சாரம் – கிரெனோபிள் பெனாபிட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு

கேள்வி: கை நடுக்கத்துக்கு மூளையில் கரண்ட் வைக்கும் சிகிச்சையைக் கொண்டுவந்தவர் யார், டாக்டர்?

பதில்: மூளையை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தவர்கள் முன்பே உண்டு. 'ஆழ்மூளைத் தூண்டல்' என்கிற இன்றைய முறைக்கு வழி போட்டவர் பிரான்சில் கிரெனோபிள் நகரத்துப் பேராசிரியர் அலிம் லூயி பெனாபிட். மூளை அறுவை நிபுணர், இயற்பியலிலும் முனைவர்.

கேள்வி: தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்கிறார்களே?

பதில்: அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்போதெல்லாம் நடுக்கத்துக்கு, மூளையின் நடுப்பகுதியில் இருக்கும் தலாமஸில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டுவிடுவார்கள். சுட்டால் சுட்டதுதான், மீட்க முடியாது. இடம் பிசகினால் பேச்சே குழறலாம். அதனால் நோயாளியை விழிப்பில் வைத்து, முதலில் லேசாக மின்சாரம் கொடுத்து இடத்தைச் சரிபார்ப்பது எல்லோருக்கும் வழக்கம். 1987-இல் பெனாபிட் அந்தச் சோதனையிலேயே மின்துடிப்பின் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். குறைந்த வேகத்தில் பலன் இல்லை. நொடிக்கு நூறை நெருங்கியதும் கை அடங்கியது. நிறுத்தினால் நடுக்கம் திரும்பியது. அந்தத் திரும்பி வந்த நடுக்கம்தான் முக்கியம். சுடாமலே அதே பலன், வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்று அவருக்குப் புரிந்தது. எத்தனையோ பேர் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போன இடத்தில் அவர் நின்றார்.

இப்போதும் ஆபரேஷன் நடுவில் நோயாளியைச் சுருள் வரையச் சொல்வோம். முள்கம்பி மாதிரி வந்த கோடு, கரண்ட் கொடுத்ததும் கொசுவர்த்திச் சுருளாக வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கேள்வி: பார்க்கின்சனுக்கு வேறு இடமாமே?

பதில்: ஆமாம், பெரும்பாலும் தலாமஸுக்குக் கீழே இருக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு பகுதி. தலாமஸில் வைத்தால் நடுக்கம் மட்டும் அடங்கும். இங்கே வைத்தால் உடம்பின் விறைப்பும் அசைவின் மந்தமும்கூடக் குறையும். அமெரிக்காவில் நரம்பியல் நிபுணர் மாலன் டிலாங்கின் குழு 1990-இல் குரங்குகளில் இந்த இடத்தின் பங்கைக் காட்டியது. 1993-இல் பெனாபிட் குழு நோயாளிக்கு அங்கே மின்முனை (மின்சாரம் கொடுக்கும் மெல்லிய கம்பி) வைத்தது. பெனாபிட், டிலாங் இருவருக்கும் சேர்த்து 2014-இல் லாஸ்கர் என்ற அமெரிக்க மருத்துவ விருது.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. மாத்திரை போட்டால் நடக்கிறார், அதன் வேகம் இறங்கினால் எழவே முடியவில்லை. ஆபரேஷன் செய்தால் குணமாகுமா?

பதில்: குணமாகாதும்மா, நோய் தன் போக்கில் போகும். ஆனால் மாத்திரைக்குக் கேட்கிற உடம்பு பெரும்பாலும் இதற்கும் கேட்கும். முடங்கிக் கிடக்கும் நேரம் குறையும். மறதி அதிகமென்றால் யோசிக்க வேண்டும். அப்பா எப்போது மாத்திரை போட்டார், எப்போது நடந்தார், எப்போது முடங்கினார் என்று ஒரு வாரம் மணி போட்டு நோட்டில் எழுதுங்கள். அதோடு நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.