ஸ்காலர்ஷிப்பில் கமிஷன் கேட்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு டென்னிஸ் ஸ்காலர்ஷிப் தருவதாக கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பயிற்சியாளர் மெயில் அனுப்பியிருக்கிறார். அந்த அணி 'அட்லாண்டிக் கோஸ்ட்' கான்பரன்ஸில் (தங்களுக்குள் போட்டி ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) ஆடுகிறதாம். மறுபடி கான்பரன்ஸ் மாறினால் ஸ்காலர்ஷிப் போய்விடுமா? டிவி பணம் கொட்டும் 'பிக் டென்' கல்லூரி வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஏஜென்ட், ஸ்காலர்ஷிப் தொகையில் பத்து சதவீதம் கேட்கிறார். தரலாமா? – வாசகர், கோவை

பதில்: தராதீர்கள். ஸ்காலர்ஷிப் தொகையை வைத்துக் கமிஷன் பேசுவதை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. விதிகள் ஏற்பதில்லை. கையெழுத்துப் போட்டால் உங்கள் மகளின் ஆடும் தகுதிக்கே ஆபத்து. ஒரு விலக்கு உண்டு. ஆட்ட வீடியோ தயாரிக்க, பயிற்சியாளர்களுக்கு விவரம் அனுப்ப என்று ஒரு நிலையான கட்டணம் வாங்கலாம். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதே கட்டணம்தான் என்று எழுத்தில் இருக்க வேண்டும். 'இப்போது கொஞ்சம், சீட் கிடைத்ததும் மீதி' என்றால் அதுவும் கமிஷன்தான். பெயரை 'சர்வீஸ் சார்ஜ்' என்று மாற்றினாலும் கமிஷன்தான். ஏற்கெனவே பயிற்சியாளரே மெயில் அனுப்பிய பிறகு இவருக்கு எதற்குப் பணம்?

அடுத்து உங்கள் பயம். ஸ்காலர்ஷிப் தருவது பல்கலைக்கழகம், கான்பரன்ஸ் அல்ல. கான்பரன்ஸ் மாறியதால் மட்டும் அது ரத்தாகாது. ஆட்டம் சரியில்லை, காயம்பட்டது என்று சொல்லியும் பெரிய கான்பரன்ஸ் கல்லூரிகள் நிறுத்த முடியாது.

மேற்குக் கரையில் இருக்கும் பெர்க்லி எப்படி கிழக்கே அட்லாண்டிக் பக்கம் போனது? எல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால் ஒளிபரப்பு உரிமைக்காக. 2022-ல் லாஸ் ஏஞ்சலஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பழைய பேக்-12 கான்பரன்ஸை விட்டு பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த சில வாரங்களில் பிக் டென், ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்று டிவி நிறுவனங்களோடும் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. பேக்-12க்கு 2023-ல் ஆப்பிள் நிறுவனம் முன்வைத்ததோ, ஆட்டம் பார்க்க எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்கள் என்பதை நம்பிய தொகை. ஓரிகன், வாஷிங்டன் பல்கலைக்கழகங்கள் உட்பட ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடைசியில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும், முதல் சில ஆண்டுகளுக்கு டிவி பணத்தில் சுமார் 30 சதவீதப் பங்கு போதும் என்று ஒப்புக்கொண்டு அட்லாண்டிக் கோஸ்டில் சேர்ந்தன.

ஃபுட்பால் அணி வாரம் ஓர் ஆட்டம் ஆடும். டென்னிஸ் பெண்கள் பரீட்சைக்கு நடுவில் நாட்டின் மறுகோடிக்குப் பறக்க வேண்டும். அங்கே கடிகாரம் மூன்று மணி நேரம் முன்னால். இந்த முடிவை எடுத்தபோது யாராவது அந்தப் பிள்ளைகளைக் கேட்டார்களா? அவர்கள் ஆட்டத்தை வைத்து எந்தச் சேனலும் கோடி தரவில்லை என்பதற்காகத் தூக்கம் கெடுவது மட்டும் அவர்கள் பங்காம். எனக்கு ஆறவே இல்லை.

கான்பரன்ஸ் பெயரைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்; 2025-26-ல் ஒவ்வொரு கல்லூரிக்கும் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. மற்ற விளையாட்டுகளின் பட்ஜெட்டில் கை வைக்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் மகளிர் டென்னிஸ் அணியில் 10 பேருக்குத்தான் இடம்.

ஆகவே பயிற்சியாளருக்குப் பதில் மெயில் போடுங்கள். அந்தப் பத்துப் பேரில் இவள் உண்டா, ஸ்காலர்ஷிப் ஓராண்டுக்கா நான்காண்டுக்கா, டென்னிஸ் அணியையே கலைத்தால் படிப்பு முடியும்வரை பணம் வருமா என்று கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். பல்கலைக்கழகத்தின் நிதியுதவி ஒப்பந்தத்தில் இவை இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே மகள் கையெழுத்துப் போடட்டும்.